பதினெட்டு ஆண்டு அசையாமல் இருந்த தரை ஓடுகள் ஓர் இரவில் எழும்பியது ஏன்?

ஈசூன்வாசி எழுதியது:

சென்ற மாதம் நான்கு நாள் விடாமல் மழை பெய்து வீடெல்லாம் குளிர்ந்து கிடந்த ஓர் இரவில், மூன்று மணி இருக்கும், கூடத்தில் யாரோ பாத்திர அலமாரியைச் சாய்த்துவிட்டது போல ஒரு சத்தம் கேட்டது. எழுந்து வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கூடத்தின் நடுவே இரண்டு வரிசைத் தரை ஓடுகள் ஒன்றோடொன்று முட்டிச் சாய்ந்து, கூடாரம் அடித்தது போல இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஓர் ஓடுகூட உடையவில்லை. சிமெண்டு தரையோடு தரையாக அப்படியே இருக்கிறது. ஓட்டின் அடிப்புறமோ துடைத்து வைத்தது போல இருக்கிறது.

எங்களுடையது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நான்கறை அடுக்குமாடி வீடு. ஓடு பதித்து 18 ஆண்டுகள் ஆகின்றன. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "சிமெண்டு சரியில்லை, ஒட்டு விட்டுப்போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒட்டு சரியில்லை என்றால் அது 18 ஆண்டு எப்படித் தாங்கியது என்பது என் முதல் கேள்வி. வெப்பத்தில் பொருள்கள் விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்; அப்படியானால் வெயில் கொளுத்தும் மாதங்களில் எழும்பாத ஓடு, குளிர்ந்த மழை இரவில் எழும்புவானேன் என்பது இரண்டாவது.

இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். அதே வாரத்தில், தீபாவளிக்கு மட்டும் அணிவதற்காக என் மனைவி பெட்டியிலேயே வைத்திருந்த காலணியின் அடிப்பாகம் கழன்று கையோடு வந்தது. சமையலறைத் தொட்டியின் கீழே உள்ள அலமாரிக் கதவின் மேல்தாளும் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள் இவை எல்லாமே ‘டீலாமினேஷன்’ என்கிறாள். அடுக்குப் பிரிவு என்று தமிழில் சொல்லலாம் என நினைக்கிறேன். பெயர் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றுதானா?


ரசமட்டம் எழுதியது:

கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளனாக நீண்டகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஓட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னது பாதிதான் உண்மை.

அந்த ஓடுகளைக் கீழிருந்து எதுவும் தள்ளவில்லை, பக்கவாட்டில் நெருக்கியதால்தான் அவை எழும்பின. சூளையிலிருந்து வெளிவரும் பீங்கான் ஓட்டில் ஈரமே இருக்காது. அன்றிலிருந்து அது காற்றின் ஈரத்தை மிக மெதுவாக உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவில் பெரிதாகிக்கொண்டே போகிறது. மறுபடியும் சூளையில் சுட்டாலன்றிப் பழைய அளவுக்குத் திரும்பாது. நீரை நன்றாக உறிஞ்சும் ஓட்டில் இந்த வளர்ச்சி கூடுதலாகவும், இறுகச் சுட்ட போர்சலின் ஓட்டில் மிகக் குறைவாகவும் இருக்கும். அடியில் உள்ள கான்கிரீட்டுக்கு நடப்பது இதற்கு நேர் எதிரானது. கலவையில் ஊற்றிய நீர் ஆண்டுக்கணக்கில் வெளியேற வெளியேற அது சுருங்குகிறது, மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்பது சாதாரணமாகக் காணும் அளவு. நான்கு மீட்டர் கூடத்தில் அது 2 மில்லிமீட்டர். மேலே உள்ளது நீள விரும்புகிறது, கீழே உள்ளது குறுக விரும்புகிறது, நடுவில் சிமெண்டு இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. சுவரோரத்திலும் இடைவெளி விடாமல் இறுக்கிப் பதித்திருந்தால் ஓட்டு வரிசை முழுவதும் ஆண்டுதோறும் கூடுகிற ஓர் அழுத்தத்தில் மாட்டிக்கொள்கிறது. பதினெட்டு ஆண்டு அது ‘தாங்கியது’ என்கிறீர்கள். அந்தப் பதினெட்டு ஆண்டும் அங்கே சுமை ஏறிக்கொண்டிருந்தது.

குளிர் விஷயத்துக்கு வருவோம். ஒரு பாகை வெப்பம் மாறினால் கான்கிரீட்டின் நீளம் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் 10 பங்கு மாறும். பீங்கான் ஓடு 6 அல்லது 7 பங்குதான் மாறும். ஆகவே குளிரும்போது தரை ஓட்டைவிட அதிகமாகச் சுருங்கி, ஓட்டை இன்னும் கொஞ்சம் நெருக்குகிறது. நான்கு மீட்டருக்கு ஐந்து பாகை குறைந்தால் வரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலர்ந்து சுருங்கிய 2 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஏற்கெனவே நிரம்பியிருந்த கணக்கில் சேர்ந்த கடைசிச் சில்லறை, அவ்வளவுதான். ஆனால் சத்தம் கேட்பது அது சேரும் இரவில்தான்.

இரண்டு விரல் உயரம் என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் ஓடுகள் இரண்டை எதிரெதிராக நிறுத்தி, அவை இருந்த 1,200 மில்லிமீட்டர் இடத்தை 1,198 ஆகக் குறைத்தால், நடுவில் அவை எழும்பும் உயரம் 35 மில்லிமீட்டர் வருகிறது. வெறும் 2 மில்லிமீட்டர் நெருக்கம் மூன்றரை சென்டிமீட்டர்க் கூடாரமாகத் தெரிவது இப்படித்தான்.

ஓட்டின் அடிப்புறம் சுத்தமாக இருந்ததில்தான் ஒப்பந்தக்காரர் சொன்ன மற்றப் பாதி இருக்கிறது. ஒட்டுக் கலவையை ஒரேயடியாக நிறைய இடத்தில் பரப்பிவிட்டு ஓட்டை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால், கடைசி ஓட்டுக்குப் போகும்போது கலவையின் மேல் பாலாடை போல ஒரு தோல் படிந்துவிடும். சாதாரணக் கலவைக்கு 20 நிமிடம் என்பது ஒரு கணக்கு. மின்விசிறியின் கீழ் அது இன்னும் குறையும். விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட வேண்டியதுதான். சூளைத் தட்டில் ஒட்டாமல் இருப்பதற்காக ஓட்டின் முதுகில் பூசும் வெள்ளைப் பொடியைத் துடைக்காமல் பதித்தாலும் இதே கதிதான்.

இப்போது ஒரு வெள்ளிக்காசை எடுத்துக் கூடம் முழுவதும் ஓட்டுக்கு ஓடு தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்பதையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். சுவரடி ஓட்டை, அதாவது சுவரின் அடியில் நெடுக ஒட்டிய குறுகிய ஓட்டை, ஓரிடத்தில் கழற்றி அங்கே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.


இறுக்கிப்பிடி எழுதியது:

இவ்வளவு விளக்கம் எதற்கு? இக்காலத்தில் எப்பாக்சிப் பசைகள் கிடைக்கின்றன. இருப்பதிலேயே வலுவானதை வாங்கி முழுப் பரப்பிலும் பூசி ஒட்டிவிட்டால் பிறகு அது எப்படி எழும்பும்? என் வீட்டுக் குளியலறையில் அப்படித்தான் செய்தேன்.


ஈயமில்லா எழுதியது:

இறுக்கிப்பிடி ஐயா மன்னிக்க வேண்டும். குளியலறையின் சிறிய பரப்பில் தப்பியது கூடத்திலும் தப்பும் என்று சொல்ல முடியாது. நான் பகுதிமின்கடத்திச் சில்லுகளை, அதாவது கணினி ‘சிப்’புகளை, பிளாஸ்டிக்கில் பொதியிடும் ஆலையில் பழுதாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுக்குகள் ஏன் பிரிந்தன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிரிவின் அன்றாட வேலை.

கண்ணாடி ஏன் அதன் கணக்குக்கு மிகக் குறைந்த இழுவிசையில் உடைகிறது என்று ஆராய்ந்த கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் ஒரு வழி காட்டினார். ஒரு பிளவு நகர வேண்டுமானால் இரண்டு புதிய பரப்புகள் உண்டாக வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். நெருக்குண்டோ இழுபட்டோ கிடக்கும் பொருள் தளர்வதால் ஆற்றல் வரவாகும். வரவு செலவை எட்டிவிட்டால் பிளவு தானாகவே ஓடும். ஒட்டின் வலிமை இந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தில் மட்டுமே வருகிறது. வரவுப் பக்கத்தை முடிவு செய்வது எவ்வளவு நெருக்கம் சேர்ந்திருக்கிறது, அடுக்கு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்ற இரண்டும்தான். ஒரே நெருக்கத்தில் இருந்தாலும் பத்து மடங்கு தடித்த அடுக்கு ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்து மடங்கு ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். மெல்லப் பூசிய சாயம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் மேலும் மேலும் பூசிய சுவரில் அது பாளம் பாளமாக உரிவதற்கு இது ஒரு காரணம். செலவை மட்டும் கூட்டி வரவை அப்படியே விட்டால், ஓட்டுக்கும் பசைக்கும் நடுவே ஓட முடியாத பிளவு அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். எப்பாக்சி போட்டு ஒட்டிய ஓடு, கீழே உள்ள சிமெண்டுப் பூச்சின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு எழும்புவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் பசையும், சுவரோரத்தில் விடும் இடைவெளியும் வரவைக் குறைக்கின்றன. அதுதான் பயன் தரும்.

எங்கள் பொருளிலும் ரசமட்டம் ஐயா சொன்ன அதே இழுபறிதான். சில்லின் சிலிக்கான் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கும், அதைத் தாங்கும் செம்புத் தகடு 17 பங்கும் மாறும். 175 பாகையில் வார்த்து அறை வெப்பத்துக்குக் குளிர்ந்து வருவதற்குள், 10 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் இடையே 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. பார்வைக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனால் நீளத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் உங்கள் கூடத்தின் நெருக்கத்தைப் போல நான்கு மடங்கு. அதுவும் மூலைகளில்தான் குவியும். காயத்துக்கு ஒட்டும் பட்டையின் முனைகளை வட்டமாக வெட்டியிருக்கிறார்களே, அதுவும் மூலையில் உரியத் தொடங்காமல் இருப்பதற்காகத்தான்.

இந்த இழுபறியோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். சில்லைச் சுற்றியுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. சில்லை மின்சுற்றுப் பலகையில் ஈயமில்லாப் பற்றாசால் (சோல்டர்) பற்றவைக்க அதை அடுப்பில் 260 பாகை வரை சூடாக்குகிறோம். உள்ளே சிறு இடைவெளியில் நீர் அடைபட்டிருந்தால், அந்த வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 46 வளிமண்டலம் வரை போகக்கூடும். கார்ச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றைப் போல இருபது மடங்கு. பொதி உப்பி வெடிக்கும். தொழிலில் இதற்குப் ‘பாப்கார்ன்’ என்றே பெயர். இதனால்தான் பல சில்லுகளை ஈரம் புகாத பையிலிருந்து எடுத்தபின் 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, அதுவும் 30 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் மிஞ்சாத அறையில். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் எண்பதுக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், குளிர்சாதனம் பழுதான ஒரு நீண்ட வார இறுதியில் மூடாமல் விட்டுப்போன ஒரு தட்டுச் சில்லுகளைச் செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். முன்கூட்டியே 125 பாகையில் உலர்த்தியிருந்தால் போதும். வெளியே வந்தவற்றில் வெறும் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வைத்து மீயொலியைச் செலுத்திப் பார்த்தோம்; காற்று இடைவெளி எவ்வளவு மெல்லியதானாலும் மீயொலி அதைத் தாண்டாமல் திரும்பிவிடும். திரையில் வரிசையாக ஒவ்வொரு சில்லின் நான்கு மூலைகளிலும் சிவப்பு படர்ந்திருந்தது. காசால் தட்டிப் பார்ப்பதன் விலையுயர்ந்த வடிவம்தான் அந்தக் கருவி.

உங்கள் வீட்டுக் காலணி இந்தக் கணக்கில் சேராது. அதன் நடுப்பகுதி பாலியூரித்தேன் நுரையாக இருந்தால், காற்றின் ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. வெட்டும்போது உண்டாகும் அமிலம் மேலும் வெட்டுவதை வேகப்படுத்துகிறது. அணியாமல் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். பிரிந்த இரண்டு முகங்களையும் பாருங்கள். ஒரு முகம் சுத்தமாக இருந்தால் ஒட்டு பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டு முகங்களிலும் தூளோ பிசினோ இருந்தால் அடுக்கே உள்ளுக்குள் செத்துவிட்டது என்று பொருள். காலணியில் இரண்டாவதைத்தான் பார்ப்பீர்கள் என்பது என் ஊகம். அலமாரிக் கதவு நீரில் ஊறும் மரப்பலகை, ஊறாத மேல்தாள் என்ற இரண்டுக்கும் நடக்கும் இழுபறி. தொட்டிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.


இறக்கைத்தட்டி எழுதியது:

காசால் தட்டுவதை நாங்கள் விட்டுவிடவில்லை. விமானப் பராமரிப்பில் கரிம இழைப் பலகைகளை இன்றும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்கிறோம். கைதவறிக் கருவி ஒன்று விழுந்த இடத்தில் மேல்பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். உலோக விமானத்திலும் இந்தத் தொல்லை உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் முன்பகுதிக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் அதுவரை 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் பசையும் தறையாணியும் (ரிவெட்) சேர்ந்து சுமையைத் தாங்க வேண்டும். ஈரம் புகுந்து பசை விட்டுப்போனதும் சுமை முழுவதும் தறையாணித் துளைகளின் மேல் விழுந்து, துளைக்குத் துளை வெடிப்பு ஓடியது. உப்புக் காற்றில் நாள் முழுவதும் குறுந்தூரம் பறக்கும் விமானம் என்றாலே எங்கள் பயிற்சியில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.


காக்காய்ப்பொன் எழுதியது:

நான் அறிவியல் ஆசிரியர். ஓடு எழும்பிய சத்தத்தைப் படித்தவுடன் எனக்குப் பாறைதான் நினைவுக்கு வந்தது.

கருங்கல் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சுமையின் கீழ் உறைந்தது. மேலே உள்ள மண்ணும் கல்லும் அரித்துப் போகப் போகச் சுமை இறங்குகிறது. ஆனால் பக்கவாட்டு நெருக்கம் பாறைக்குள் தங்கிவிடுகிறது. பரப்புக்கு இணையாக நெருக்குண்ட பாறை, தடை இல்லாத ஒரே திசையான மேல்நோக்கிப் பாளமாகப் பிரிகிறது. கலிபோர்னியாவின் ஹாஃப் டோம் குன்று வழுவழுவென்று மொட்டையாக இருப்பது இந்தப் பாளங்கள் உரிந்து உரிந்துதான். அதே மாநிலத்தின் ட்வெய்ன் ஹார்ட் என்ற ஊரில் 2014 ஆகஸ்டில் ஒரு பாறை பட்டப்பகலில் வேட்டுச் சத்தத்தோடு பிளந்து எழும்பியதைப் படமே எடுத்திருக்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: அங்கே கோடை வெயிலில் விரிந்த மேல்தோல் நெருக்கத்தைக் கூட்டியது, உங்கள் கூடத்தில் குளிரில் சுருங்கிய அடித்தரை கூட்டியது. வெயிலா குளிரா என்பது முக்கியமில்லை. மேல் அடுக்கு கீழ் அடுக்கைவிட நீளமாகிவிட்டதா என்பதே கேள்வி.

நம் புக்கிட் தீமாக் குன்றும் கருங்கல்தான். ஆனால் இங்கே மழையும் வெப்பமும் வேறு விதமாக உரிக்கின்றன. வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்ற, பாறை வெங்காயம் போலத் தோல் தோலாகக் கழன்று, நடுவில் உருண்டைக் கல் மட்டும் மிஞ்சுகிறது. ஈயமில்லா சொன்ன காலணிக்கு இது அண்ணன்.

என் புனைபெயருக்கும் ஒரு வார்த்தை. காக்காய்ப்பொன் எனும் மைக்காவை நகத்தால் தாள் தாளாக உரிக்கலாம். பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் அப்படியே. அதன் ஒரு தாளுக்குள் கரிம அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் இறுகப் பிணைந்திருக்க, தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளியும் மிக மெல்லிய ஈர்ப்பும்தான் உண்டு. ஒட்டுநாடாவால் அதை உரித்து உரித்து ஒற்றை அணுத் தாளான கிராஃபீனைத் தனியாக்கி, 2004இல் தங்கள் ஆய்வை வெளியிட்ட கைம், நோவோசெலோவ் இருவரும் 2010இல் நோபெல் பரிசு பெற்றார்கள். நோவோசெலோவ் 2019இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்று சொன்னால் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.


மாவும்நெய்யும் எழுதியது:

எல்லாரும் பிரியாமல் இருக்க வழி கேட்கிறீர்கள்; நாங்கள் பிரிப்பதற்காகவே பாடுபடுகிறோம். புரோட்டா மாவை வீசி, மேசை தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி, எண்ணெய் தடவி மடிப்பது எதற்கு? அடுக்கோடு அடுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது. கல்லில் போட்டதும் மாவில் உள்ள நீர் ஆவியாகி அந்த எண்ணெய் ஓடிய கோடுகளில் புகுந்து தூக்கும். எடுத்தபின் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பதும் ரசமட்டம் ஐயா சொன்ன நெருக்கம்தான். அடுக்கு மேலே விரியும். என் மனைவி செய்யும் கூவே லாப்பிஸ் என்ற பல நிற அடுக்குப் பலகாரம் இதற்கு நேர் எதிர். முதல் அடுக்கு இறுகியும் இறுகாமலும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும். அதிகம் வேகவிட்டாலோ மூடியிலிருந்து நீர் சொட்டினாலோ இரண்டும் ஒட்டாது. அதனால் மூடியைத் துணியால் கட்டித்தான் அவிப்பார். எங்கள் பேரப்பிள்ளைகளோ அதையும் ஒவ்வொரு நிறமாக உரித்துத்தான் தின்கிறார்கள்.


ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி காசால் தட்டிப் பார்த்தேன். கூடத்தின் 56 ஓடுகளில் 19 பொள்ளலாகக் கேட்கின்றன. பெரும்பாலானவை எழும்பிய வரிசைகளுக்கு இரு பக்கமும் இருக்கின்றன. சுவரடி ஓட்டைக் கழற்றியபோது, கடைசி ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே தாள் நுழையக்கூட இடமில்லாமல் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். எழும்பிய ஓட்டின் அடிப்புறத்தை விரலால் தேய்த்தேன். வெள்ளைப் பொடி ஒட்டியது. காலணியின் இரண்டு முகங்களும் பிசுபிசுத்த தூள். அலமாரிக்குள் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது, அதை மாற்றியாயிற்று.

ரசமட்டம் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. ஓடுகள் உடையவில்லை, இந்த வடிவம் இப்போது கடைகளில் கிடைப்பதும் இல்லை. முதுகைக் கழுவிவிட்டு இவற்றையே மறுபடி பதிக்கலாமா?


ரசமட்டம் எழுதியது:

தாராளமாகப் பதிக்கலாம். பழைய சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, பொடி போகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, தரையிலும் ஓட்டின் முதுகிலும் கலவை பூசிப் பதியுங்கள். ஆனால் ஆளை அழைப்பதற்கு முன் ஒட்டு இல்லாமல் வரிசையை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். இருந்த இடத்திலேயே வைத்தாலும் கடைசி ஓடு உள்ளே போகாது, 2 மில்லிமீட்டர் துருத்தும். சுவரோரத்து ஓட்டை ஐந்தாறு மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் சிமெண்டை அடைக்கவிடாமல், சுவரடி ஓடு மறைக்கும்படி விட்டுவிடச் சொல்லுங்கள்.